நாற்பத்திரண்டு சவுக்கும் ஒரு பக்கத்து வீடும்

காரைக்குடி வட்டாரத்தில் ஒருவருக்கு வாழ்க்கை வரலாறு எழுத வேண்டுமானால் அவர் கோயில் திருப்பணி செய்திருக்க வேண்டும், அல்லது பள்ளிக்கூடம் கட்டியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் பர்மாவில் சொத்தை விட்டுவிட்டாவது வந்திருக்க வேண்டும். சாக்கோட்டை யூனியன் ஆபீசில் கிளார்க்காக இருந்த செம்மலை இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் அதில் அவர் காட்டிய ஒழுங்கையும் உழைப்பையும், ஒரு நாள்கூட லீவு போடாத விசுவாசத்தையும் வேறு எந்தத் துறையில் காட்டியிருந்தாலும் ஊர் அவருக்குப் பொன்னாடையாவது போர்த்தியிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் பீர் முகம்மது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். செம்மலை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தார். பீர் முகம்மது கணக்குப் பரீட்சையில் விழுந்து, அத்தாவிடம் உதை வாங்கி, பினாங்குக்குக் கப்பலேறினார். பாஸ் செய்தவருக்கு யூனியன் ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தது. பெயிலானவருக்குப் பினாங்கில் இரண்டு சாப்பாட்டுக் கடை கிடைத்தது. நம் நாட்டுக் கல்வி முறையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று செம்மலை கடைசிவரை நம்பியதற்கு இதுதான் ஆதாரம்.

சாக்கோட்டை ரோட்டில் புதிதாக மனை பிரித்தபோது முதலில் குடியேறியவர் செம்மலைதான். சீமை ஓடு போட்ட வீடு. அந்தத் தெருவில் அதுதான் நல்ல வீடு, ஏனென்றால் வேறு வீடு இல்லை. கிழக்குப் பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. காலி மனையைப் பார்த்து யாரும் பொறாமைப்பட முடியாது என்பதால் அந்த இரண்டு வருஷத்தில் அவர் வாழ்க்கையில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. 1963-ல் பீர் முகம்மது ஊர் திரும்பி அந்த மனையை வாங்கினார். வரலாறு தொடங்கியது.

காலை ஆறு மணிக்கு வாயில் வேப்பங்குச்சியோடு செம்மலை கொல்லையில் வந்து நிற்பார். கிழக்கே பார்ப்பார். சூரியனைக் கும்பிடுகிறார் என்று தெருவில் நல்ல பெயர். அவர் பார்த்தது மொசைக் தரை போடுவதை. அப்புறம் ரேடியோவுக்குக் கம்பி கட்டுவதை. அப்புறம் கிணறு வெட்டுவதை. செம்மலை வீட்டுக் கிணற்றில் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். முப்பது அடி தள்ளி வெட்டிய பாய் வீட்டுக் கிணற்றில் இளநீர் மாதிரித் தண்ணீர். பூமாதேவியே ஆள் பார்த்து நடந்துகொண்டால் மனிதன் யாரிடம் போய் மனுக் கொடுப்பது? போதாததற்கு அந்தக் கிணற்றில் மோட்டார் பம்பும் வைத்துவிட்டார்கள்.

"என்னங்க, இட்லி ஆறுது" என்பாள் மீனம்மாள்.

"அங்குட்டு என்னடி வாசம்?"

"நெய்ச்சோறு. அவுக வீட்டுக்கு விருந்தாளுக வந்துருக்காக."

"வருவாக, வருவாக. நெய்ச்சோறு போட்டா யாருதான் வரமாட்டாக?"

"நம்மளையுந்தான் கூப்புட்டாக. நீங்கதான் வயித்துல புண்ணுன்னு சொல்லிட்டீக."

அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அவருக்கு அந்த இடத்தில் ஏதோ ஒன்று எரிந்துகொண்டுதான் இருந்தது.

1964-ல் பீர் முகம்மது மாடி கட்டினார். அதுவரை தம் பொறாமைக்குத் தக்க காரணம் இல்லாமல் சற்றுக் கூச்சத்தோடு இருந்த செம்மலைக்கு இது பெரிய ஆறுதலாக அமைந்தது. இனி அது பொறாமை அல்ல, குடும்ப மானம்.

"மாடியில நின்னா நம்ம கொல்லை பூராத் தெரியும்" என்றார் மனைவியிடம்.

"யாரு நின்னு பாத்தா? அந்த மனுசன் ரெண்டு படி ஏறுனாலே மூச்சு வாங்குதுன்னு கீழயே கெடக்காக."

"பாக்கலாமுல்ல? பொம்பளப் புள்ள இருக்குற வீடு."

குறிப்பிடப்பட்ட பொம்பளப் புள்ளையான பொன்னுத்தாயிக்கு அப்போது வயது பத்து. கிழிந்த பாவாடையோடு கொய்யா மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, மாடியில் நின்ற கொத்தனாரோடு சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

செய்தி எப்படியோ வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மறுநாளே பீர் முகம்மது வந்து நின்றார்.

"மச்சான், மறைப்பு வேணுமின்னீகளாமே? வாயத் தொறந்து கேக்கப்படாதா? கொத்தனாரு இங்கனதான் இருக்காரு. ஆள் ஒசரத்துக்கு ஒரு சுவரு எழுப்பிருவோம். எல்லாம் எம்பொறுப்பு."

"சுவரு வச்சா காத்து வராது பாய்."

"அதுவுஞ் சரிதான்" என்று பீர் முகம்மது போய்விட்டார். எதிராளி வாதாடாமல் ஒத்துக்கொண்டால் அதைவிட அவமானம் ஏது? செம்மலை அன்று இரண்டு இட்லி குறைவாகச் சாப்பிட்டார்.

யூனியன் ஆபீசில் அடுத்த மேஜை கிராம சேவக்குடையது. உரம், விதை, கன்று எல்லாம் அவர் பொறுப்பு. செம்மலை அவரிடம் பட்டும் படாமலும் விசாரித்தார். சீக்கிரம் வளர வேண்டும், கோடையிலும் இலை கொட்டக் கூடாது, அடர்த்தியாக இருக்க வேண்டும்; அப்படி மரம் உண்டா?

"சவுக்கு வைங்க. நெருக்கி வச்சீகன்னா மூணு வருசத்துல மாடியவே மறைச்சிரும்."

"மாடின்னு நான் சொல்லலையே."

"பொதுவாச் சொன்னேன்" என்றார் கிராம சேவக். அந்தத் தெரு வழியாகத்தான் அவரும் சைக்கிளில் போவார்.

உப்புத் தண்ணீரையும் சவுக்கு தாங்கும் என்று அவர் கூடுதலாகச் சொன்ன தகவல் செம்மலைக்கு அந்த மரத்தின்மேல் தனி மரியாதையையே உண்டாக்கிவிட்டது. தம்மைப் போலவே ஒரு ஜீவன்!

1965 ஐப்பசி மழையில் நடவு நடந்தது. எங்கள் பக்கத்துச் சரளை மண்ணில் கடப்பாரை போட்டால் மண்ணுக்குப் பதில் நம் தோள்பட்டைதான் பெயரும். செம்மலை, தம் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மனைவியையே கூடையோடு பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கிழக்கு எல்லை நெடுக நாற்பத்திரண்டு குழி தோண்டினார். இரண்டு வரிசை, முன் வரிசையின் இடைவெளியைப் பின் வரிசை அடைக்கும்படி. இந்தத் திட்டத்தில் இருந்த நுட்பத்தை ராணுவத்தில் யாராவது பார்த்திருந்தால் அவரைக் கிளார்க்காக விட்டுவைத்திருக்க மாட்டார்கள். காலையும் மாலையும் குடம் குடமாக உப்புத் தண்ணீர். தவலையோடு குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் கன்றுகள் எழும்பின. கிராம சேவக்கே ஆச்சரியப்படும்படி எழும்பின.

1968 சித்திரையில் ஒரு காலை செம்மலை வேப்பங்குச்சியோடு வந்து நின்று கிழக்கே பார்த்தார். மாடி இல்லை. பச்சை மட்டும்தான். அன்று மீனம்மாளைக் கேசரி கிண்டச் சொன்னார். என்ன விசேஷம் என்று அவள் கேட்டதற்கு, "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றார்.

அந்த நிம்மதி ஒன்பது நாள் நீடித்தது.

பத்தாவது நாள் சவுக்குக்கு அப்பால் இருந்து 'தொம், தொம்' என்று இடிக்கும் சத்தம் வந்தது. என்ன அது? பார்க்க வழியில்லை. மரத்தை விலக்கிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல். பாய் வீட்டு வாசல் பக்கம் போவதில்லை, தெருவில் நடக்கும்போதும் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை என்று ஏற்கெனவே சபதம். காதைக் கொடுத்துக் கேட்கலாமென்றால் சவுக்கு சும்மா இருக்கிற மரமா? கொஞ்சம் காற்றடித்தால் போதும், 'ஹோ'வென்று கடல் மாதிரி இரைச்சல். யோசித்து யோசித்து, பாய் இரண்டாவது மாடி எழுப்புகிறார் என்ற முடிவுக்கு வந்தார். நேரில் பார்த்த நாளில் மொசைக் தரை மொசைக் தரையாகவும் ரேடியோ ரேடியோவாகவும்தான் இருந்தன. பார்க்க முடியாமல் போனதும் அவை பெருக ஆரம்பித்தன. ஒரு கார் வந்து நின்றால் பாய் கார் வாங்கிவிட்டார். பெண்கள் சிரித்தால் ஏதோ சொத்து வந்திருக்கிறது. ஒன்றுமே சத்தமில்லாவிட்டால் எல்லாரும் கொடைக்கானல் போய்விட்டார்கள். 1971-க்குள் செம்மலையின் மனத்தில் பீர் முகம்மதுக்கு மூன்று மாடியும் இரண்டு காரும் ஒரு ஐஸ் பெட்டியும் இருந்தன. இதையெல்லாம் வாங்கிக் கொடுத்தவர் செம்மலைதான் என்பது பாய்க்கே தெரியாது.

இது போதாதென்று ஊரும் தன் பங்குக்குச் செய்தது. முப்பதடிக்கு மேல் போய்விட்ட மரங்கள் ரோட்டிலிருந்தே தெரிந்தன. டவுன் பஸ் கண்டக்டர் அந்த இடம் வந்ததும், "பாய் வீட்டுச் சவுக்கு எறங்கு, பாய் வீட்டுச் சவுக்கு!" என்று கூவ ஆரம்பித்தான். வாரத்தில் ஆறு நாள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டுதான் செம்மலை தம் வீட்டுக்கு இறங்க வேண்டியிருந்தது.

இப்படியிருக்கையில் பொன்னுத்தாயிக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. நிறம், லட்சணம், பத்தாவது பாஸ், ஒரு குறையும் கிடையாது. ஆனால் வந்த இரண்டு வரன்களும் தெருவரை வந்து, பெண் பார்க்காமலேயே சத்தமில்லாமல் திரும்பிவிட்டன. காரணம் தெரியவில்லை. 1973 புரட்டாசியில் தரகர் சின்னச்சாமி மூன்றாவதாக ஓர் இடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சிங்கம்புணரி கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். தகப்பனார் மலையாண்டி, நாட்டரசன்கோட்டையில் நல்ல நில புலம். பொன்னுத்தாயி பஸ்ஸில் ஒரு தடவை அந்தப் பையனைப் பார்த்திருக்கிறாள் என்றும், அவளுக்குச் சம்மதம் என்றும் மீனம்மாள் மூலமாகத் தகவல். செம்மலைக்கும் அந்த இடத்தை விட மனமில்லை. இருப்பது ஒரே பெண். அவளை நல்ல இடத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் அவருக்குப் பொறாமை கலக்காத ஆசை.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம். வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும் என்பதால், விசாரணை திருப்தியானால்தான் வீட்டுப்படி ஏறுவார்கள். விசாரிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. சொந்தச் சாதிக்காரனிடம் கேட்டால் அவன் பங்காளியாக இருப்பான், அல்லது பெண் கேட்டுக் கிடைக்காதவனாக இருப்பான். ஆகவே பக்கத்தில் ஒரு பாய் வீடு இருந்தால் நேரே அங்கேதான் போவார்கள். அவருக்குக் கொள்வினை கொடுப்பினை கிடையாது; உள்ளதைச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மலையாண்டியும் அவர் மைத்துனரும் குடையோடு வந்து, செம்மலை வீட்டைத் தாண்டி, பாய் வீட்டுக்குள் நுழைந்தார்கள். செம்மலை கொல்லைக்கு ஓடி முதல் வரிசைச் சவுக்குக்குள் தலையைக் கொடுத்து நின்றார். காற்று இரைந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மரங்களைத் திட்டினார். கொஞ்ச நேரத்தில் காற்று ஓய்ந்தது.

"பக்கத்து வீட்டுப் பொண்ணப் பத்திக் கேக்கலாமின்னு வந்தோம் பாய். எப்பிடி, கொணமெல்லாம்?" இது மலையாண்டியின் குரல்.

"யாரு, பொன்னுத்தாயியா? கொய்யா மரத்துல ஏறிக் கெடக்கும். எட்டு வருசத்துக்கு முந்திப் பாத்தது."

"பக்கத்து வீடுங்கிறீக, எட்டு வருசங்கிறீக?"

"இந்தா, இங்குட்டு வந்து நில்லுங்க. என்ன தெரியுது?"

"மரந்தான் தெரியுது."

"எனக்கும் அம்புட்டுத்தான் தெரியுது. நோம்பு வச்சிருக்கேன் மாமா. பாக்காததப் பாத்தேன்னு எப்பிடிச் சொல்ல?"

"முந்தி ரெண்டு பேரு வந்து கேட்டாகளாமே?"

"அவுகளுக்கும் இதத்தான் சொன்னேன்."

செம்மலை தலையை வெளியே எடுத்தார். மீசையில் சவுக்கு ஊசி ஒட்டியிருந்தது.

நாலாம் நாள் ஆபீசுக்குப் பூஜை லீவு. தரகர் சின்னச்சாமி செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்று சொன்னார். "நாட்டரசன்கோட்டையில பொம்பளைக ஒரு மாதிரியாப் பேசிக்கிறாக. இம்புட்டு ஒசரத்துக்கு மரத்த வச்சு ஒளிச்சு வளக்குறாகன்னா பொண்ணுக்குக் காலு கட்டையா, வலிப்பு கிலிப்பு இருக்கான்னு. ஊரு வாய யாரு மூட?"

பொன்னுத்தாயி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. மறுபடி ஆரம்பிக்கவில்லை.

மீனம்மாள் தரகரை அனுப்பிவிட்டு வந்து, முந்தானையை இழுத்துச் செருகினாள். "எந்திரிங்க. எம்பின்னால வாங்க."

"எங்கடி?"

"வாங்கன்னா வாங்க."

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். சவுக்கு வானத்தை நோக்கி வளர்ந்ததே தவிர, அடியில் கிளைகள் காய்ந்துபோயிருந்தன. அவற்றை வருஷக்கணக்காக அடுப்புக்கு ஒடித்துவந்தவள் மீனம்மாள். ஒடித்த இடத்தில் ஒரு சந்து; அதில் கால் பட்டுப் பட்டுத் தடமே விழுந்திருந்தது. செம்மலை குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் நிமிர்ந்தார்.

முதலில் அவர் மேல் பட்டது குளிர்ச்சி. பிற்பகல் மூன்று மணி. அவர் வீட்டுக் கொல்லையில் கால் வைக்க முடியாத வெயில். இங்கே ஜில்லென்று நிழல். சூரியன் மேற்கே சாய்ந்தால் நிழல் கிழக்கே விழும் என்பது எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவருக்கு எட்டு வருஷமாகத் தோன்றவில்லை. காலையில் அவர் பக்கம் விழும் நிழலோ, அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போதே சுருங்கிவிடும். மரத்தடியில் வாய்க்கால், மோட்டார் தண்ணீர் சவுக்கு வேர் நெடுகப் பாய்ந்துகொண்டிருந்தது. தம் உப்புத் தண்ணீரில் வளர்ந்ததாக அவர் பெருமைப்பட்ட மரங்கள் வயிறு முட்டக் குடித்தது பாய் வீட்டு இளநீர்த் தண்ணீர். நிழலில் கயிற்றுக் கட்டில். கட்டிலில் பீர் முகம்மது, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவராக, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மேலே பார்த்தார். ஒரே மாடிதான். இரண்டாவது இல்லை, மூன்றாவது இல்லை. இல்லாத மாடிகளுக்காக இத்தனை வருஷம் பட்டதெல்லாம் வீண். பின்பக்கத் தாழ்வாரத்தில் மா இடிக்கும் உரலும் உலக்கையும் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் இரண்டு தையல் மெஷின். ஒன்றில் பாயின் மனைவி லத்தீபா. இன்னொன்றில் ஒரு ரவிக்கைத் துணி, பாதி தைத்தபடி.

"பொன்னுத்தாயி நாலு நாளா வரலியேன்னு பாத்தேன்" என்றாள் லத்தீபா, தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு. "அண்ணன் வந்துருக்கீக! என்னத்தா மீனா, இந்தச் சந்துக்குள்ளயா கூட்டியாருவ?"

ஆக, தம் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். குடும்பமே பாய் வீட்டில் வந்து போய்க்கொண்டிருக்க, தாம் ஒருவர்தான் வேலிக்கு வெளியே இருந்திருக்கிறார். அவருக்குத் தம் வீட்டார் மேலேயே பொறாமை வந்தது.

பீர் முகம்மது எழுந்து உட்கார்ந்தார். "மச்சானா? வாசல் அங்குட்டுல்ல இருக்கு?"

"ஏன் பாய், எம்மக இங்கனதான தைக்கிறா? பாக்கவே இல்லைன்னு சொல்லிட்டீகளே?"

"பொம்பளைக உக்காந்துருக்குற பக்கம் நான் ஏன் பாக்கப் போறேன்? நீங்க பாக்கக் கூடாதுன்னுதான மரம் வச்சீக? நான் பாக்கல. மாடிக்கே ஏறல. கேட்டுப் பாருங்க."

செம்மலை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷமாக எதிரி ஒருவன்கூட இல்லாமல் தனியாகவே சண்டை போட்டிருக்கிறார்.

"எம்பொண்ணுக்கு இடம் கெட்டுப்போகும் போலருக்கு பாய்" என்றார். கடைசியில் வந்தது அவ்வளவுதான்.

லத்தீபா எழுந்துவிட்டாள். "ஆம்பளைகளுக்கு ஆம்பளைகளத்தான கேக்கத் தெரியும்! என்னயக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா? நோம்புப் பெருநா முடியட்டும் மீனா. நானே நாட்டரசன்கோட்டைக்கு வாரேன்."

சொன்னபடி போனாள், பொன்னுத்தாயி தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு. மாப்பிள்ளையின் தாய் ஒச்சம்மாள் அந்த ரவிக்கையின் கையில் போட்டிருந்த பூத்தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெண்ணுக்கு இரண்டு காலும் ஒரே நீளம் என்று லத்தீபா சத்தியம் செய்தாள். விஷயம் முடிந்தது. மலையாண்டி ஒரே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார்: நாங்கள் பெண் பார்க்க வரும்போது அந்த மரம் நிற்கக் கூடாது, ஊர் பார்க்கட்டும்.

தகவல் கேட்டு ஓடிவந்தவர் பீர் முகம்மது. "மச்சான், வெட்டாதீக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த நெழலு இல்லேன்னா மேக்கு வெயிலு மூஞ்சியில அடிக்கும். நான் எங்க போய்ப் படுப்பேன்?"

செம்மலை அவரை உற்றுப் பார்த்தார். தம்மிடம் இருக்கும் ஒன்றுக்காகப் பீர் முகம்மது ஏங்குகிறார்! இப்படி ஒரு நாள் வரும் என்று எந்த ஜோசியனும் சொன்னதில்லை. "நான் என்ன பண்ணட்டும் பாய்? சம்பந்தி சொல்லிட்டாக" என்றார், மிகுந்த வருத்தத்துடன். அன்று மாலை மறுபடியும் கேசரி.

நாலு ஆள் வைத்து ஒரே நாளில் நாற்பத்திரண்டும் சாய்ந்தன. சாயச் சாயப் பாய் வீடு தெரிந்தது. மாடி, மாடிக்குப் புதிதாக அடித்த நீல வர்ணம், நீலத்துக்கு எடுப்பான வெள்ளைக் கைப்பிடி, கைப்பிடி மேல் ரோஜாத் தொட்டி. ஐந்து வருஷ பாக்கியை ஒரே சாயங்காலத்தில் பொறாமைப்பட்டுத் தீர்க்க வேண்டியிருந்ததால், அவர் சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

1974 தை மாதத்தில் கல்யாணம். பந்தலுக்கு வெட்டிய சவுக்கே கால். இடையில் சவுக்கு வேலி இல்லாததால் பந்தல் இரண்டு கொல்லைக்கும் சேர்த்தே பரவியது. விருந்தாளிகளில் பாதிப் பேர் மாடி வீட்டுக்காரரிடமே மாலையையும் பழத்தட்டையும் நீட்டினார்கள். செம்மலை ஒவ்வொன்றையும் எண்ணிவைத்துக்கொண்டார்.

பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. பொன்னுத்தாயி தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். தகப்பனாரின் காலில் விழுந்து எழுந்தாள். பிறகு லத்தீபாவிடம் போனவள், "மாமி" என்று ஒரு வார்த்தை சொல்லித் தோளில் சாய்ந்தாள்; சாய்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் நின்ற பீர் முகம்மது துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். "பாத்தீகளா, பெத்தவுக மாதிரியில்ல அழுகுறாரு பாய்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

செம்மலையின் காதில் அது விழுந்தது. பெற்றவர் தாம் இருக்க, பெற்றவர் மாதிரி அழுவதற்கு இன்னொருவரா? அவரும் அழ ஆரம்பித்தார். பாயைவிடச் சத்தமாக அழுதார். பாய் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தால் இவர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "என்ன இது, இந்த மனுசன் இப்பிடி அழுது நான் பாத்ததில்லையே" என்று மீனம்மாள் பயந்துபோய்த் தோளைப் பிடித்தாள்.

கார் நகர்ந்தது. பொன்னுத்தாயி கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் பார்த்தாள் என்று இரண்டு வீட்டாரும் இன்றுவரை வெவ்வேறாகத்தான் சொல்கிறார்கள். நாட்டரசன்கோட்டை ரோட்டில் புழுதி அடங்கியது. பீர் முகம்மது மூக்கைச் சிந்திவிட்டு விருந்தாளிகளைக் கவனிக்கப் போய்விட்டார். போட்டிக்கு ஆள் இல்லை. செம்மலை மட்டும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்று, நிறுத்தத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தார்.